பொட்டு வைக்கும் இடத்துக்குப் பின்னால்

நெடுஞ்சாலை வைத்தியம் – 14

சென்ற வாரம் டாக்டர் ஜேக்கப் சாண்டியை 1949ஆம் வருட வேலூரில் விட்டுவிட்டு வந்தோம். கனடாவில் வில்டர் பென்ஃபீல்டிடம் மூளை அறுவை கற்றுத் திரும்பி, கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர். அவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்த வாரக் கதையை ஒரு நாயிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1983. நாட்றம்பள்ளியில் எங்கள் தெரு முனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. மூன்றாம் வகுப்பு விட்டு வந்த என்னை, அந்தக் கடைக்கு எதிரே ஒரு செவலை நாய் கெண்டைக்காலில் கவ்வியது. கடி பெரிதல்ல. பிறகு நடந்ததுதான் பெரிது. அன்று நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாராகி வந்த மருந்து அது. நோய்க்கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையை அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து எடுப்பது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் கண்டுபிடித்த முறை. 2004 இறுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. மூளையைப் பற்றித் தொடர் எழுதுகிற ஒருவனுக்குள் முதலில் போன மூளை ஆட்டுடையது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஊசி முடிந்தும் நான் தேறவில்லை. ராத்திரியில் அலறினேன். "புள்ள பயந்துட்டான், மந்திரிக்கணும்" என்றார் ஆயா. எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு வழி. கோயிலில் வேப்பிலை அடித்துத் திருநீறு போடுவது ஒன்று. சாயங்காலத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிறவர்கள் முன்னால் பிள்ளையை நிறுத்துவது இன்னொன்று. அவர்கள் ஓதி முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் வரை எந்தச் சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கும். ஆயா இரண்டையும் செய்தார். அலறல் நின்றது. நாய் பயம் நிற்கவில்லை. செவலை நாயில் தொடங்கி, கறுப்பு நாய், குட்டி நாய், கடைசியில் இருட்டில் கிடந்த சாக்குமூட்டை வரைக்கும் போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒன்றிடம் கற்ற பயம் அதன் சாயலுள்ள எல்லாவற்றுக்கும் பரவும் என்பது இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கப்பட்ட சங்கதி.

கல்லூரிக்குச் சென்னை போனேன். அறைத் தோழன் வீட்டில் இரண்டு நாய்கள். முதல் மாதம் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாதம் அவை என் மடியில் தலை வைத்துத் தூங்கின. பயம் ஒழிந்தது என்றுதான் நம்பினேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்து, பஸ் இறங்கி, தெரு முனை திரும்பினேன். சைக்கிள் கடை பூட்டியிருந்தது. நாய் ஒன்றுகூட இல்லை. கால் இரண்டும் தரையில் ஊன்றியதுபோல நின்றுவிட்டன.

சென்னையில் இல்லாத பயம் நாட்றம்பள்ளியில் எங்கிருந்து வந்தது? பல வருடம் கழித்து இதற்கு விடை படித்தபோதுதான், அந்த விடையைத் தேடிய வழியில் ஒரு பகுதி எங்கள் ஊர்ச் சாலையிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. நாட்றம்பள்ளி சென்னை–பெங்களூர் சாலையில் இருக்கிற ஊர். கிழக்கே போனால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் தாண்டிச் சென்னைப் பெரியாஸ்பத்திரி. மேற்கே போனால் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, பெங்களூருக்குள் நுழைகிற அதே ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. எங்கள் பக்கத்தில் 'தலையில் ஏதோ' என்றால் கிழக்கே போவதா மேற்கே போவதா என்று வீட்டில் ஒரு வாக்குவாதம் நடக்கும்.

முதலில் மேற்கே போவோம், லண்டன் வழியாக.

1935 ஆகஸ்டில் லண்டனில் ஒரு நரம்பியல் மாநாடு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜான் ஃபுல்ட்டனும் கார்லைல் ஜேக்கப்சனும் இரண்டு சிம்பன்சிகளைப் பற்றிப் பேசினார்கள். பெக்கி, லூசி என்று பெயர். இரண்டுக்கும் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதியை எடுத்திருந்தார்கள். விடை தவறினால் கூண்டை உலுக்கி, மலம் கழித்து ரகளை செய்யும் பெக்கி, அறுவைக்குப் பிறகு சாதுவாகிவிட்டது. கூட்டத்தில் இருந்த லிஸ்பன் மருத்துவர் எகாஸ் மோனிஸ் இதைக் கேட்டு, மனிதனுக்கும் செய்யலாமே என்று எழுந்து கேட்டதாக ஒரு கதை உண்டு. கேட்டாரோ இல்லையோ, நவம்பர் 12ஆம் தேதி செய்துவிட்டார். அவர் கைகள் கீல்வாதத்தால் வளைந்திருந்ததால் கத்தி பிடித்தது அல்மெய்தா லிமா. நெற்றி மூளையை உள்ளே இருக்கிற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளைத் துண்டிப்பதுதான் சிகிச்சை. ஓயாத கவலை, நீங்காத பயம், மனச்சோர்வு என்று வந்தவர்கள் அமைதியானார்கள் என்று சில வாரங்களிலேயே அறிக்கை கொடுத்தார். 1949இல் நோபல் பரிசும் வாங்கினார். சாண்டி வேலூருக்கு வந்த அதே வருடம்.

பெக்கியை எல்லோரும் நினைவு வைத்துக்கொண்டார்கள். லூசியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அறுவைக்கு முன்பு சாந்தமாக இருந்த லூசி, அதே அறுவைக்குப் பிறகுதான் ரகளை செய்யத் தொடங்கியது. ஒரே வெட்டு, இரண்டு நேரெதிர் விளைவு. இந்தக் குரங்கைப் பற்றி யாராவது கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருந்தால் பல்லாயிரம் பேரின் நெற்றி தப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த வைத்தியம் நம் சாலையின் மேற்கு முனைக்கு வரப் பத்து வருடம்கூட ஆகவில்லை. மைசூர் சமஸ்தானத்தின் பெங்களூர் மனநோய் மருத்துவமனையில் எம்.வி. கோவிந்தசாமியும் அறுவை மருத்துவர் பி.என். பாலகிருஷ்ண ராவும் இந்திய நோயாளிகளுக்கு நெற்றி மூளை இழைத் துண்டிப்பு செய்து, 1944இல் லண்டன் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். மாத்திரை என்று ஒன்றும் கிடையாது. குளோர்புரோமசின் வந்ததே 1952இல்தான். வீட்டில் சங்கிலி, ஆஸ்பத்திரியில் பூட்டிய அறை என்றிருந்த நாளில் ஒரு மருத்துவர் வேறென்ன செய்திருப்பார் என்று இன்றைக்குச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த மருத்துவமனைதான் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாகி, கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநராகி, 1974இல் நிம்ஹான்ஸ் ஆனது.

மோனிஸ் வெட்டியது பயத்தின் இருப்பிடத்தை அல்ல. அது காதுக்கு உட்புறம், கன்னப்பொட்டுக்கு உள்ளே இருக்கிற பொட்டு மூளையின் அடி ஆழத்தில், பாதாம் பருப்பு அளவில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. கிரேக்கத்தில் பாதாமுக்கு இருக்கிற பெயரையே வைத்து அமிக்டலா என்றார்கள். 1937இல் சிகாகோவில் ஹென்ரிச் குளூவரும் பால் பியூசியும் குரங்குகளின் இருபக்கப் பொட்டு மூளையையும் எடுத்துப் பார்த்தார்கள். பாம்பைக் கண்டால் கூரையில் ஏறும் குரங்கு, பாம்பை எடுத்து வாயில் வைத்தது. 1956இல் லாரன்ஸ் வைஸ்கிரன்ட்ஸ் அந்த விளைவுக்குக் காரணம் அமிக்டலா என்று இன்னும் துல்லியமாகக் காட்டினார். பென்ஃபீல்ட் மான்ட்ரியாலில், விழித்திருக்கிற நோயாளிகளின் பொட்டு மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது, சிலர் காரணமே இல்லாமல் "பயமாயிருக்கிறது" என்றார்கள். வலிப்பு வருவதற்கு முன் திடீரென்று ஒரு பீதி கவ்வும் என்று சில நோயாளிகள் சொல்வதற்கும் இதுவே காரணம். சாண்டி வேலூருக்குக் கொண்டுவந்த மூட்டையில் இந்த அறிவும் இருந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து வலிப்பை நிறுத்தப் பார்த்த ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களிடம், "முன்னாடி பயம் வருமா?" என்று கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவர் நம் சாலையில் வந்து உட்கார்ந்தார்.

இனிக் கிழக்கு முனை. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் அறுவையைத் தொடங்கினார். 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் அமிக்டலாவுக்கே போனார்கள். மண்டையைத் திறக்காமல், தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, அளந்து, ஒரு சிறு துளை வழியே மெல்லிய முனையை இறக்கி, பாதாம் பருப்பின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்வது. டோக்கியோவின் ஹிரோடாரோ நராபயாஷி காட்டிய வழி. கனகா 1968இல் பட்டம் பெற்று இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் ஆனவர்; ஆண்கள் மட்டுமே நின்ற மேசையருகே அவர் எப்படி இடம் பிடித்தார் என்பது தனி அத்தியாயம், வரும்.

அவர்கள் குறிவைத்தது பயத்தை அல்ல, அடக்க முடியாத மூர்க்கத்தை. தன்னையே கடித்துக்கொள்கிற, கையில் கிடைப்பதை உடைக்கிற, கட்டிப்போட்டு வைத்திருந்த நோயாளிகள், குழந்தைகளும் இருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த வேலையில் 400க்கு மேற்பட்டவர்களுக்கு அமிக்டலா அறுவை செய்ததாகவும், பெரும்பாலோர் அடங்கினார்கள் என்றும் ராமமூர்த்தி 1988இல் எழுதினார். 'அமைதிப்படுத்தும் அறுவை' என்று இவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில்தான் எனக்கு உறுத்தல். அமைதி யாருக்கு? பெற்றவர்கள் தவித்தார்கள், உண்மை. கட்டை அவிழ்த்துவிட்ட பிள்ளை வீட்டில் நடமாடியதைப் பார்த்த தாய் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள், அதுவும் உண்மை. அந்தப் பிள்ளையின் உள்ளே என்ன இருந்தது, என்ன போனது என்று அளக்க அன்றைக்குக் கோல் இல்லை. 2017ஆம் வருட மனநலச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட அறுவைக்கு நோயாளியின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

ஆக, ஒரே சாலையின் ஒரு முனையில் நெற்றியை வெட்டினார்கள், மறுமுனையில் பாதாமைச் சுட்டார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன பேச்சு நடக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவை எலிகள்.

எலிக்கு முன்னால் பாவ்லவின் நாயைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓசை, உடனே சோறு. ஓசை, உடனே சோறு. கடைசியில் ஓசைக்கே எச்சில் ஊறும். இது பள்ளிப் புத்தகத்தில் உண்டு. அடுத்த பாதியைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். சோறு போடாமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் எச்சில் நின்றுவிடும். இதற்குப் பாவ்லவ் வைத்த ருஷ்யச் சொல்லுக்கு நெருப்பு அணைவது என்று பொருள். ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடி ஓசை எழுப்பினால், எச்சில் திரும்ப வந்தது. அணைந்தது என்றால் எப்படி வரும்? நம்மிடம் இதற்குச் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு.

இதை வெறும் பழக்கப்பட்டுப் போவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளியூர்க்காரர் வாணியம்பாடியில் பஸ் இறங்கியதும் மூக்கைப் பொத்துவார். டேனரி வாடை எங்களுக்கு ஏறாது. சுண்ணாம்புக் குழியும் ஊறுகிற தோலும் காற்றில் ஒரு பாகமாகிவிட்டன. அது மரத்துப்போவது. பயம் தணிவது அப்படியல்ல. அது இன்னொரு படிப்பு.

1980களிலிருந்து நியூயார்க்கில் ஜோசப் லெடூ எலிகளுக்கு ஓர் ஓசையும் பாதத்தில் சிறு மின்னதிர்ச்சியும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பயம் அமிக்டலாவில் எப்படிப் பதிகிறது என்று பாதை பாதையாகத் தேடிக்கொண்டிருந்தார். பயந்த எலி ஓடாது. மூச்சைத் தவிர எதுவும் அசையாமல் உறைந்து நிற்கும். சைக்கிள் கடை முன்னால் நான் நின்ற அதே நிலை. 1993இல் அவரோடு வேலை பார்த்த மரியா மார்கன், எலியின் நெற்றி மூளையின் உட்சுவரைச் சேதப்படுத்திப் பார்த்தார். பயம் கற்பதில் அந்த எலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. அதிர்ச்சியை நிறுத்திவிட்டு ஓசையை மட்டும் கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மற்ற எலிகள் சில நாளில் தேறின. இவை நாள் கணக்கில் உறைந்துகொண்டே இருந்தன.

அங்கே பயிற்சி பெற்ற கிரெகரி குவர்க், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவுக்குப் போய் இன்னும் நுட்பமாகக் கேட்டார். 2000இல் அவர் குழு கண்டது: நெற்றி மூளையின் கீழ்ப்பகுதி போன எலி, அன்றைக்கே ஓசையை மட்டும் கேட்டுக் கேட்டுத் தேறிவிடுகிறது. மறுநாள் காலையில் எல்லாம் மறந்துவிட்டு மறுபடி உறைகிறது. 2002இல் குவர்க்கும் முகமது மிலாதும் அந்தக் கீழ்ப்பகுதி நரம்பணுக்களின் மின்துடிப்பைக் கேட்டார்கள். பயம் பதியும்போது அவை சும்மா இருந்தன. தேறிக்கொண்டிருக்கும்போதும் சும்மா இருந்தன. மறுநாள் அதே ஓசை வந்தபோது, தேறிய எலிகளில் மட்டும் துடித்தன. அதிகம் துடித்த எலி குறைவாக உறைந்தது. தேறாத எலியில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினால் அதுவும் உறையாமல் நடமாடியது.

பயம் அழியவில்லை. அமிக்டலாவில் அது அப்படியே இருக்கிறது. "இப்போது ஆபத்தில்லை" என்ற இரண்டாவது நினைவு ஒன்று தனியாக எழுதப்பட்டு, அதை நினைவில் வைத்திருந்து தக்க சமயத்தில் எடுத்துச் சொல்லும் வேலை நெற்றி மூளையின் கீழ்ச்சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மனிதரில் அதற்கு இணையான இடம், இரு புருவத்துக்கும் நடுவே பொட்டு வைக்கிற இடத்துக்குப் பின்னால், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. 2004இல் எலிசபெத் ஃபெல்ப்ஸ் குழு மனிதர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இதைப் பார்த்தது.

மேல்சுவர்தான் ஆச்சரியம். எலியில் இந்தக் கீழ்ப்பகுதிக்கு நேர் மேலே, ஒரு மயிரிழை தள்ளி, நேரெதிர் வேலை செய்கிற பகுதி இருக்கிறது. பயத்தை நீடிக்கச் செய்வது அது. 2007இல் கெவின் கார்க்கரனும் குவர்க்கும் அதைச் சற்று நேரம் மரத்துப்போக வைத்தபோது, கற்ற பயம் வெளிப்படுவது குறைந்தது. மாடியில் ஒருவன் ஊதிவிடுகிறான், கீழ்த்தளத்தில் ஒருவன் தணிக்கிறான். எலியிலிருந்து மனிதனுக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது என்று இவர்களே எச்சரிக்கிறார்கள். இருந்தாலும் எனக்கு உடனே லூசி ஞாபகம் வந்தது. மோனிஸின் கத்திக்கு மாடி, கீழ்த்தளம் என்ற பேதம் கிடையாது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே வெட்டில் அறுத்தால், வண்டி நிற்குமா பாயுமா என்பது அறுத்தவனுக்கே தெரியாது.

இனி நம் சாலையின் மேற்கு முனைக்கே இன்னொரு முறை போக வேண்டும். குவர்க்கும் மிலாதும் மின்துடிப்பைக் கேட்ட அதே 2002இல், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜியின் குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசைய விடாமல் வைத்தது. இடத்தையும் சந்தர்ப்பத்தையும் நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்பணுக் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவின் கிளைகள் மட்டும் ஆலமரம்போல விரிந்தன. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்ட பிறகும் அமிக்டலா பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று 2004இல் எழுதினார்கள். நெருக்கடி நீண்டால் நெற்றி மூளையின் கிளைகளும் சுருங்கும் என்று அதே வருடம் நியூயார்க்கில் கண்டார்கள். விரியக் கூடாதது விரிகிறது, தணிக்க வேண்டியது சுருங்குகிறது. வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வீட்டில், ஷிஃப்டு முடியாத ஆலையில், பழைய பயங்கள் ஏன் கிளம்பி வருகின்றன என்று யோசிக்கிற மருத்துவருக்கு இது எலிக்கதை அல்ல.

ஹிப்போகேம்பஸ் என்றேனே, என் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது. "ஆபத்தில்லை" என்ற இரண்டாவது நினைவு இடத்தோடு ஒட்டிப் பதிகிறது. எங்கே இருக்கிறோம் என்று ஹிப்போகேம்பஸ் சொன்னால்தான் நெற்றி மூளை அதை எடுத்துப் பேசும். முதல் நினைவுக்கு, பயத்துக்கு, இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாகக் கிடையாது. எந்த ஊரிலும் முளைக்கும். நான் சென்னையில் சென்னைக்காகத் தேறியிருந்தேன். நாட்றம்பள்ளிச் சைக்கிள் கடை முன்னால் யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அதனால்தான் இன்றைக்குப் பயத்துக்குச் சிகிச்சை தருகிற உளவியலாளர்கள் ஓர் அறைக்குள்ளேயே பயிற்சியை முடித்துவிடாமல், நோயாளியை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில், பயந்த பொருளோடு நிற்கவைக்கிறார்கள். கத்தி இல்லை, சட்டம் இல்லை. நேரம்தான் பிடிக்கும்.

பள்ளிவாசல் வாசலில் ஊதியதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு ஆசை உண்டு. போடமாட்டேன். ஆயா என்னைக் கூட்டிப்போனது பள்ளிவாசலுக்கு, நாயிடம் அல்ல. தெரு முனையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் நின்றிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும்.

போன மாதம் மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. பக்கத்தில் ஒரு பிரியாணி வண்டி, அதன் நிழலில் ஒரு நாய், செவலைதான், கண்ணை மூடிக் கிடந்தது. மகள் இரண்டு எட்டு முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்ப்பா நின்னுட்ட?"

"செருப்பு வாரு அவுந்துடுச்சி" என்றேன். ஆம்பூர்ச் செருப்பு. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

(தொடரும்)